லிங்க்ஸ் கோல்ஃபில் எந்த ஹோல் கெட்டி, எது சொத்தை?

கடலோர மணல் நிலத்தில் அமைந்த கோல்ஃப் மைதானத்துக்கு லிங்க்ஸ் என்று பெயர். அங்கே 18 ஹோலும் (பந்தை முதலில் அடிக்கும் இடத்திலிருந்து குழி வரை ஒரு ஹோல்) ஆடிவிட்டு வருகிறவரிடம் எது நல்ல ஹோல் என்று கேட்டுப் பாருங்கள். பேர்டி அடித்த, அதாவது நிர்ணயித்ததைவிட ஒரு அடி குறைவாக முடித்த ஹோலைச் சொல்வார். மோசமானது எது என்றால், இரண்டு பந்தைத் தொலைத்த ஹோலைச் சொல்வார். அன்றைக்கு அவர் எப்படி ஆடினார் என்பது இதிலிருந்து தெரியும், அவ்வளவுதான். ஹோலின் தரத்தை எடைபோட வேறு வழி வேண்டும்.

ஸ்கோர் கார்டில் இருக்கும் ஸ்ட்ரோக் இண்டெக்ஸும் கைகொடுக்காது. ஹேண்டிகேப்பில், அதாவது ஆட்டக்காரரின் திறமையைப் பொறுத்துக் கிடைக்கும் சலுகை அடிகளை 18 ஹோலுக்கும் பரவலாகப் பங்கிட்டுக் கொடுக்கத்தான் அந்த எண்கள். 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையின் வழிகாட்டுதலே, ஒற்றைப்படை எண்களை ஒரு பாதிக்கும் இரட்டைப்படையை மறுபாதிக்கும் பிரிக்கச் சொல்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் வரும் ஹோல்களுக்குக் குறைந்த எண் கொடுக்க வேண்டாம் என்கிறது. எனவே இண்டெக்ஸ் 1 என்று போட்டிருக்கும் ஹோல் அந்த மைதானத்திலேயே கடினமானது என்றுகூடச் சொல்லிவிட முடியாது. கடினமானதாகவே இருந்தாலும் நல்ல ஹோல் என்று ஆகிவிடாது. 480 யார்டு நீளத்தில், தட்டையாக, எதிர்காற்றில் கிடக்கும் பார் 4 (நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஹோல்) எல்லாரையும் திணறடிக்கும். ஆனால் ஆடுகிறவரின் மூளைக்கு அங்கே வேலையே இருக்காது.

லிங்க்ஸை மற்ற மைதானங்களின் அளவுகோலால் அளக்க முடியாததற்குக் காரணம் அதன் மண். கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல் பூமி அது. மழைநீர் நிமிஷத்தில் இறங்கிவிடும். மேலே குட்டையாக, கம்பிபோல வளரும் ஃபெஸ்க்யூ புல். தரை கெட்டியாக இருப்பதால் விழுந்த பந்து நிற்காது. ஓடும், திரும்பும், பள்ளத்தைத் தேடிப் போகும். மரம் கிடையாது, காற்றைத் தடுக்க ஆளில்லை. கடல் தெரிகிறது என்பதற்காக எல்லாம் லிங்க்ஸ் ஆகிவிடாது. கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கடலை ஒட்டியே இருக்கிறது, ஆனால் அது பாறை விளிம்பில் உள்ள மைதானம்.

நடையிலிருந்து தொடங்குங்கள்

முதல் மதிப்பீட்டை ஆடும்போது செய்யாதீர்கள். கோல்ஃப் பையை இறக்கி வைத்துவிட்டு நடங்கள். கையில் ஸ்கோர் கார்டு, நோட்டு, பென்சில், திசை காட்டும் ஆப் உள்ள போன் இருந்தால் போதும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் இதற்குத் தோதான இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக அங்கே ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயோடும் குழந்தைகளோடும் உலாவுவார்கள், நீங்களும் நடக்கலாம். கிரீன்மீதும் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பங்க்கருக்குள்ளும் (மணல்குழி) மட்டும் கால் வைக்காமல் ஓரத்தில் நின்று பாருங்கள்.

நடக்கும் திசை முக்கியம்: 18ஆம் கிரீனில் தொடங்கி 1ஆம் டீ (முதல் அடி அடிக்கும் இடம்) வரை பின்னோக்கி வாருங்கள். டீயில் நின்றால் கண் காட்சியில் மயங்கிவிடும். கிரீனில் இருந்து திரும்பிப் பார்க்கும்போது அந்த ஹோல் உங்களிடம் என்ன கேட்கிறது என்பது பச்சையாகத் தெரியும்.

கிரீன் ஓரத்தில் நின்று, முன்னால், பின்னால், இடம், வலம் என்று நான்கு இடங்களில் கொடிக்கம்பு நடப்பட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஃபேர்வேயின் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே புல் வெட்டிய பாதை) எந்தப் பக்கத்திலிருந்து வழி திறக்கிறது என்று பார்த்துக் குறியுங்கள். நான்குக்கும் ‘நடுவில் இருந்து’ என்றே பதில் வந்தால் நோட்டில் அந்த ஹோலின் பக்க மூலையில் ஒரு சின்ன கேள்விக்குறி போடுங்கள். டிரைவ், அதாவது டீயிலிருந்து அடிக்கும் நீள அடி, எங்கே விழுந்தாலும் ஒன்றுதான் என்றால், அந்த டிரைவ் வெறும் உடற்பயிற்சி.

அடுத்து, டிரைவ் விழும் இடத்துக்கு வாருங்கள். ஃபேர்வேயில் புல் பெயர்ந்த தழும்புகளைத் தேடுங்கள். ஒரே பள்ளத்தில் ஐம்பது தழும்பு குவிந்து கிடந்தால், யார் எங்கே அடித்தாலும் தரை பந்தை அங்கே கொண்டுவந்து சேர்க்கிறது என்று பொருள். எல்லாரும் ஒரே இடத்திலிருந்து ஒரே அடியை அடிக்கிறார்கள், இது குறை. தழும்புகள் இரண்டு மூன்று கொத்தாகப் பிரிந்து கிடந்தால் ஆட்களுக்கு வெவ்வேறு யோசனை தோன்றுகிறது, இது நிறை.

பங்க்கரை அளக்கும்போதுதான் பலர் ஏமாறுவார்கள். லிங்க்ஸ் பங்க்கர் சின்னதாகத் தெரியும். புல்கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பிய ஒரு குழி, வாய் நான்கு தப்படிகூட இருக்காது. குனிந்து, கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சுற்றியுள்ள சரிவைப் பாருங்கள். எந்த இடத்திலிருந்து தரை குழியை நோக்கிச் சாயத் தொடங்குகிறதோ அங்கிருந்துதான் பங்க்கர் தொடங்குகிறது. அங்கிருந்து மறுபக்கச் சரிவின் விளிம்புவரை தப்படி போட்டு எண்ணுங்கள். வாய் 4 தப்படி, பிடிக்கும் அகலம் 15 தப்படி என்று வருவது சாதாரணம். இந்த இரண்டாவது எண்ணைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். நேர்மாறாக, பெரிதாக வாயைப் பிளந்துகொண்டு, சுற்றிலும் விளிம்பு உயர்ந்து, எந்தப் பந்தையும் இழுக்காத பங்க்கரும் உண்டு. படம் எடுக்கத்தான் அது லாயக்கு.

காற்றை இரண்டு தடவை வைத்துப் பாருங்கள்

ஒவ்வொரு டீயிலும் ஹோலின் திசையைப் போனில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் தீவுகளில் மேற்கும் தென்மேற்கும்தான் அதிகம் வீசும் திசைகள். அந்தக் காற்றில் ஹோல் எப்படி ஆடும் என்று ஒரு தடவையும், அதற்கு நேர் எதிர்த்திசையில் வீசும் காற்றில் எப்படி என்று ஒரு தடவையும் கணக்குப் போடுங்கள்.

ஆட்டக்காரர்களிடையே வழங்கும் தோராயக் கணக்கு இது: எதிர்காற்று மணிக்கு 1 மைல் கூடினால் தூரம் 1 சதவீதம் கூடியதாக வைத்துக்கொள், பின்காற்று என்றால் அதில் பாதிதான் குறையும். அதாவது 150 யார்டு அடி, 20 மைல் எதிர்காற்றில் 180 யார்டாகும். அதே வேகப் பின்காற்றில் 135. பின்காற்றில் பந்து விழுந்த பிறகு பிடிப்பில்லாமல் ஓடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரீனுக்கு 15 யார்டு முன்னாலேயே விழ வைக்க வேண்டும், விழும் இடம் சமமாகவும் இருக்க வேண்டும். அந்த இடத்தில் பங்க்கரோ ஓடையோ குறுக்கே கிடந்தால், பின்காற்று அடிக்கும் நாளில் அந்த ஹோலுக்கு நேர்மையான விடையே கிடையாது.

எதிர்காற்றில் மட்டும் சிறப்பது, பின்காற்றில் சவசவவென்று போவது என்று பல ஹோல்கள் உண்டு. காற்று திரும்பினால் கேள்வியும் மாறி, இரண்டு கேள்வியும் சுவாரஸ்யமாக இருப்பதுதான் கெட்டியான ஹோல்.

மைதானத்தின் அமைப்பையும் இங்கே கவனிக்க வேண்டும். ஓல்டு கோர்ஸ் கடலோரமாகவே போய்த் திரும்புவது. போகும்போது காற்று முகத்தில் அடித்தால் வரும்போது முதுகில் அடிக்கும். தொடர்ந்து நான்கைந்து ஹோல்கள் ஒரே காற்றில் வரும்போது நடுவில் உள்ள ஹோல்கள் பாவம், களைத்த கண்ணுக்குச் சொத்தையாகத் தெரியும். ஸ்காட்லாந்தின் இன்னொரு மைதானமான மியூர்ஃபீல்டில் முதல் ஒன்பது வெளிவட்டமாகக் கடிகாரத் திசையிலும், அடுத்த ஒன்பது உள்வட்டமாக எதிர்த்திசையிலும் சுற்றுவதால் காற்று அடிக்கடி பக்கம் மாறும். அங்கே சுமாரான ஹோலும் அண்டை வீட்டு வெளிச்சத்தில் பளபளக்கும். எனவே மார்க் போடும்போது முந்தைய ஹோலை மறந்துவிட்டுப் போடுங்கள்.

மார்க் போடும் முறை

நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. முதலாவது நிலம்: மேடு பள்ளம் ஆட்டத்துக்குள் வருகிறதா, சும்மா ஓரத்தில் அழகுக்கு நிற்கிறதா? இரண்டாவது தேர்வு: டீயிலிருந்து பந்தை எங்கே வைக்கிறோம் என்பது அடுத்த அடியை மாற்றுகிறதா? மூன்றாவது காற்று: மேலே சொன்ன இரட்டைச் சோதனை. நான்காவது மீட்பு: தவறிய பந்தை ஆட ஏதாவது வழி இருக்கிறதா, 150 யார்டு அடிப்பவருக்கும் ஒரு பாதை உண்டா? மொத்தம் 12. ஒன்பதும் அதற்கு மேலும் கெட்டி. ஐந்தும் அதற்குக் கீழும் சொத்தை. நடுவில் இருப்பது நடுவில் இருக்கட்டும்.

ஓல்டு கோர்ஸின் 17ஆம் ஹோலை, ரோடு ஹோல் என்று உலகமே அழைப்பதை, இந்தத் தராசில் வைப்போம். பார் 4. 2010 ஓப்பனுக்காக (ஆண்டுதோறும் பிரிட்டிஷ் தீவுகளின் லிங்க்ஸில் நடக்கும் பெரிய போட்டி) டீ பின்னே தள்ளப்பட்டு 495 யார்டானது. டீயிலிருந்து ஃபேர்வே தெரியாது; பழைய ரயில்வே கொட்டகைகளின் வடிவில் நிற்கும் ஹோட்டல் கட்டடத்தின் மேலே அடிக்க வேண்டும். வலப்பக்கம் ஹோட்டல் வளாகம், பந்து போனால் எல்லைக்கு வெளியே. இடப்பக்கம் தாராளம். ஆனால் கிரீன் ஒடுங்கி, உயர்ந்து, குறுக்குச்சாய்வாகக் கிடக்கிறது. அதன் முன்பக்க இடுப்பைக் கவ்விக்கொண்டு ரோடு பங்க்கர். முதுகுக்குப் பின்னால் தார்ச்சாலை. அதற்குப் பின்னால் கல்சுவர். சாலையும் ஆடுகளத்தின் பகுதி, இலவசமாகப் பந்தை எடுத்து வைக்க முடியாது. இடப்பக்கம் பாதுகாப்பாக டிரைவ் அடித்தவர் பங்க்கருக்கு மேலே தூக்கி, சாலைக்கு முன்னால் நிறுத்த வேண்டும். ஹோட்டலை உரசிக்கொண்டு வலப்பக்கம் அடித்தவருக்குக் கிரீன் நீளவாட்டில் திறக்கிறது. டிரைவில் எவ்வளவு துணிகிறீர்களோ அவ்வளவுக்கு அடுத்த அடியில் கூலி. தேர்வுக்கு முழு 3.

கிரீன் தரையே பங்க்கரை நோக்கிச் சாய்கிறது. 1978 ஓப்பனில் இரண்டே அடியில் கிரீனை அடைந்த ஜப்பானியர் டாமி நகஜிமா, புட்டரால் (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை) தட்டிய பந்து உருண்டு அந்தப் பங்க்கருக்குள் போனது. அந்த ஹோலில் அவர் எடுத்தது 9. வாயின் அகலம் ஒன்று, பிடிக்கும் அகலம் இன்னொன்று என்றோமே, அதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். 1984 ஓப்பனில் அமெரிக்கர் டாம் வாட்சனின் இரண்டாவது அடி கிரீனைத் தாண்டிச் சாலையையும் கடந்து சுவரோரம் நின்றது. கோப்பை ஸ்பெயினின் செவே பாலெஸ்டெரோஸிடம் போனது. முன்னால் நின்றால் பங்க்கர், பின்னால் போனால் சுவர் என்றாலும், கிரீனுக்கு வலப்புற முன்பகுதி திறந்தவெளி. பலம் குறைந்தவர் அங்கே பந்தை நிறுத்தி, மூன்றாவது அடியில் புட்டராலேயே மேட்டில் ஏற்றி, 4 கிடைத்தால் சந்தோஷம், 5 என்றாலும் சரி என்று நடக்கலாம். மீட்புக்கு 2. காற்றுக்கு 3. ஃபேர்வே பெரும்பாலும் சமதரை என்பதால் நிலத்துக்கு 2. மொத்தம் 10.

அதே மைதானத்தின் 9ஆம் ஹோல், பெயரே எண்ட். பார் 4, 352 யார்டு. தரை பாய் விரித்தாற்போலத் தட்டை. கிரீன் எங்கே தொடங்குகிறது என்று புல்லின் உயரத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நிலத்துக்கு 0. ஃபேர்வே நடுவிலேயே இரண்டு பங்க்கர் இருப்பதால் டிரைவில் கொஞ்சம் யோசனை உண்டு, ஆனால் எந்தப் பக்கம் போனாலும் கிரீன் ஒரே மாதிரி வரவேற்கிறது, 1. காற்றுக்கு 1: எதிர்காற்றில் சிறிய இரும்பு மட்டைக்குப் பதில் நடுத்தர மட்டை, பின்காற்றில் ஒரே அடியில் கிரீன். மீட்பு தாராளம், 3. மொத்தம் 5. நோட்டில் ‘எளிது’ என்று எழுதாமல் ‘சொத்தை’ என்று எழுத வைப்பது அந்த 3 அல்ல, மேலே உள்ள 0தான்.

தட்டை என்பதாலேயே கழித்துவிடவும் கூடாது. அங்கேயே 1ஆம் ஹோலின் ஃபேர்வே 18ஆம் ஹோலோடு சேர்ந்து கால்பந்து மைதானம்போல விரிந்து கிடக்கிறது, பங்க்கர் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் கிரீனின் உதட்டை ஒட்டி ஸ்வில்கன் ஓடை ஓடுகிறது. கொடி ஓடைக்குப் பின்னால் நான்கைந்து தப்படியில் நின்றால், 100 யார்டு அடியும் வயிற்றைக் கலக்கும். டிரைவில் எவ்வளவு தூரம் அடிப்பது, எந்த மட்டைக்கு மிச்சம் வைப்பது என்பதே அங்கே கேள்வி. அதைத் தேர்வுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கிரீன்

அடிக்கும் இடத்திலிருந்து கிரீன் தெரியவில்லை என்றால் ‘அநியாயம்’ என்று 0 போடுவது புதியவர்களின் பழக்கம். அயர்லாந்தின் லஹிஞ்சில் 5ஆம் ஹோல், டெல், இரண்டு மணல்மேட்டுக்கு நடுவே ஒளிந்திருக்கும் பார் 3. முன்மேட்டில் ஒரு வெள்ளைக் கல் வைத்திருப்பார்கள். அன்றைய கொடி எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதற்கேற்பக் கல்லும் நகரும். மறைவான ஹோலுக்கு மூன்றே கேள்வி: திசை காட்ட அடையாளம் உண்டா? விழும் இடம் கிண்ணம்போலப் பந்தை வாங்கிக்கொள்கிறதா? இரண்டாவது தடவை ஆடும்போது அனுபவம் உதவுகிறதா? டெல் மூன்றிலும் தேறும். மேட்டுக்குப் பின்னால் ஓடையையோ எல்லைவேலியையோ ஒளித்து வைத்திருந்தால் தேறாது.

பார் 3களுக்குத் தனிக் கண்

தேர்வு என்ற தலைப்பில் பார் 3க்கு மார்க் போடுவது சிரமம், ஏனென்றால் டீயே கடைசி இடம். அங்கே இப்படிக் கேளுங்கள்: கொடியை நேராகப் பார்த்து அடிப்பதைத் தவிர வேறு வழி உண்டா? ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக்கில் 15ஆம் ஹோல், கிரிமியப் போரின் கோட்டை அமைப்பொன்றின் பெயரால் ரெடான், இதற்குப் பாடப்புத்தகம். ஏறத்தாழ 190 யார்டு. கிரீன் வலது முன்பக்கத்திலிருந்து இடது பின்பக்கமாகச் சரிகிறது. இடது முன்னால் ஆழமான பங்க்கர். கொடிக்கு நேராகத் தூக்கி அடித்தால் பந்து நிற்காமல் பின்னே ஓடிவிடும். கிரீனின் வலது தோளில் விழவைத்தால் தரை தானே பந்தைக் கொடியை நோக்கி நடத்திக் கொண்டுபோகும். காற்றுக்கு ஏற்ப இதில் ஐந்தாறு வகை உண்டு.

ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூனில் 8ஆம் ஹோல், போஸ்டேஜ் ஸ்டாம்ப், 123 யார்டு. தபால்தலை அளவு கிரீன், ஐந்து பங்க்கர். உருட்டிவிட வழியில்லை, தூக்கித்தான் ஆக வேண்டும். 1973இல் 71 வயது அமெரிக்கர் ஜீன் சாரஸன் ஓப்பனில் ஒரே அடியில் அதைக் குழிக்குள் போட்டார். 1950இல் ஜெர்மானியரான ஹெர்மன் டிசீஸ் அதே ஹோலில் 15 எடுத்தார். தேர்வு குறைவு, காற்றுக்கு முழு மார்க். நீளம் குறைவு என்பதால் தண்டனையும் பொறுக்கும். இதே பாணியில் இங்கிலாந்தின் ஹொய்லேக்கில் 2023 ஓப்பனுக்காக எழுப்பிய 17ஆம் ஹோல், லிட்டில் ஐ, 136 யார்டு, பெரிய விவாதத்தைக் கிளப்பியது. உயர்த்திய கிரீன், நாலாபுறமும் சரிவு, ஆழமான குழிகள். மீட்புத் தலைப்பில் 1க்கு மேல் போட மனம் வராது.

சொத்தை எங்கிருந்து வருகிறது

மார்க் குறைந்த ஹோல்களை மைதானத்தின் வரைபடத்தில் வட்டமிடுங்கள். அவை சிதறிக் கிடக்காது, ஓரிடத்தில் கூடும். மணல்மேடு முடிந்து சமவெளி தொடங்கும் மூலையிலோ, கிளப் கட்டடத்தைச் சுற்றியோ, நல்ல நிலம் இரண்டுக்கு நடுவே பாலமாகவோ இருக்கும். வடிவமைத்தவருக்கு வேறு வழி இல்லாமல் போட்ட ஹோல்கள் அவை.

வடக்கு அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் இதை ஒப்புக்கொண்டு திருத்தியது. அதன் பழைய 17, 18ஆம் ஹோல்கள் மேடில்லாத நிலத்தில் இருந்தன. 2019 ஓப்பனுக்கு முன் மைதான வடிவமைப்பாளர் மார்ட்டின் எபர்ட் அவற்றைக் கைவிட்டு, பக்கத்திலுள்ள ‘வேலி’ (Valley) என்ற இன்னொரு மைதானத்தின் மணல்மேடுகளில் புதிய 7ஐயும் 8ஐயும் போட்டார். காலியான சமவெளி ஓப்பனின் கூடாரங்களுக்குப் பயன்பட்டது. அதனால் 236 யார்டு பார் 3 ஆன கலாமிட்டி, 14ஆம் ஹோலாக இருந்தது, 16 ஆனது. ஹோலைத் தொடாமலேயே, வரிசையில் அதன் இடம் மாறியதால் அதன் எடை கூடியது. ஆட்டம் முடிய மூன்று ஹோல் இருக்கும்போது அதன் டீக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள பள்ளத்தாக்கைத் தாண்டுவது வேறு சமாசாரம்.

சொத்தையாகப் பிறக்காமல் சொத்தையாக்கப்படும் ஹோலும் உண்டு. ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் 1999 ஓப்பனின்போது ஃபேர்வே ஒடுங்கி, ரஃப் (ஃபேர்வே ஓரத்தில் வளரவிட்ட புல்) முழங்காலுக்கு வந்தது. வென்ற ஸ்கோரே 290, பாருக்கு 6 அதிகம். புல் அப்படி வளர்ந்தால் நான்கு தலைப்பில் இரண்டு அடிபடும்: பக்கம் பார்த்து அடிக்க இடமில்லை, தவறினால் மீட்பில்லை. அந்த நிலையில் பார்த்த ஹோலுக்கு மார்க் போடாதீர்கள். புல் வெட்டிய பருவத்தில் இன்னொரு தடவை போங்கள்.

ஆடிய பிறகு மார்க்கைத் திருத்துவதாக இருந்தால் அன்றே செய்யாமல் மறுநாள் காலையில் செய்யுங்கள், ஒரு தலைப்பில் 1க்கு மேல் ஏற்றவோ இறக்கவோ வேண்டாம். நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டமும் போட்டுக்கொள்ளுங்கள்: காட்சி. ஓல்டு கோர்ஸின் 18ஆம் ஹோலில் நீங்கள் புட்டரால் பந்தை உருட்டுவதை ஊரே சுவரில் சாய்ந்து பார்க்கும், கல் கட்டடங்களில் மாலை வெயில் விழும். ஸ்காட்லாந்தின் மச்ரிஹானிஷில் முதல் டீயில் அட்லாண்டிக் கடற்கரைக்கு மேலே அடிக்க வேண்டும். அந்த மயக்கத்துக்கு எவ்வளவு தாராளமாக வேண்டுமானாலும் மார்க் கொடுங்கள். கூட்டும்போது மட்டும் அந்தக் கட்டத்தைக் கையால் மூடிக்கொள்ளுங்கள்.